வாங்கில் இருந்த கோல் காப்பாளன்

ஆகஸ்ட் 2014, செவ்வாய்

ஜெர்மன் உதைபந்தாட்டக் கிண்ணத்தின் முதல் சுற்றில், பாரிஸுக்குப் பக்கத்துச் சார்செலில் இருக்கும் தேவராசாவின் மகன் விளையாடவே இல்லை. அவனுடைய சிற்றூர் அணி பெரிய கழகத்தைப் பெனால்டியில் வென்றபோது, மாற்றுக் கோல் காப்பாளனாக மைதான ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். எங்கள் தமிழ்ப் பத்திரிகைக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். கடைசிப் பெனால்டியை அவன் தடுத்ததாக மாற்றி, என் பெயரிலேயே அச்சிட்டுவிட்டார் ஆசிரியர். கேட்டதற்கு, "சனத்துக்குச் சந்தோசம்தானே, அண்ணை" என்றார்.

இன்று பாரிஸில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் தேவராசா கை நிறையப் பத்திரிகையோடு மறித்தார். "வடிவா எழுதியிருக்கிறியள், அண்ணை. பெடியனுக்கும் படம் எடுத்து அனுப்பினனான். அதுக்குப் பிறகு போன் எடுக்கிறான் இல்லை. தலைக்கனம் வந்திட்டுது போல."

"ஓம், இருக்கும்" என்றேன். திருத்தம் போடச் சொல்லி இன்னும் ஆசிரியரிடம் கேட்கவில்லை.