கௌசிக கோத்திரமும் சிம்பன்சியும்

மாட்டுங்கா,
12-1-86

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு,

இரண்டு மாதமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாங்கள் க்ஷேமம், உன் க்ஷேமத்தை எழுது என்று தொடங்குவது முறை. உன் க்ஷேமத்துக்கு என்ன குறைச்சல், பத்திரிகையில் போட்டோ வருகிறது. அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது, டாக்டர் மாடிப்படி ஏறாதே என்கிறார், நாம் இருப்பது மூன்றாவது மாடி.

உன் கட்டுரையைப் படித்தேன். மனித டி.என்.ஏ.வின் இழையையும் சிம்பன்சியின் இழையையும் ஒட்டவிட்டுப் பிறகு சூடேற்றிப் பார்க்கிறாய், எவ்வளவு சூடு தாங்குகிறதோ அவ்வளவு நெருங்கிய உறவு. கொரில்லாவைவிடச் சிம்பன்சிக்கு நாம்தான் கிட்டத்துச் சொந்தம் என்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். இதை அச்சில் போடத் தைரியம் இருந்தவனுக்கு உன் பெரியப்பா பஞ்சாபகேசன் முன்னால் மட்டும் ஏன் நாக்கு எழவில்லை?

உன் தங்கை ருக்குவும் அவள் ஆபீஸில் வேலை செய்யும் ஜம்புவும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். அவனும் நம்மைப்போலக் கௌசிக கோத்திரம். "ஒரே கோத்ரம்னா கூடப்பொறந்தவா மாதிரிடா, கேக்கவே கூசறது" என்றார் பஞ்சு. என் கல்யாணத்தில் ரசம் சரியில்லை என்று பந்தியிலிருந்து எழுந்துபோன மனிதர், அன்றுமுதல் என் வீட்டு நல்லது எதற்கும் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. அவரே புரோகிதம் பண்ணும் வாத்தியாரை அழைத்துவந்து பரிகாரமும் சொன்னார். டோம்பிவிலியில் ஒரு பாரத்வாஜ கோத்திரத் தம்பதிக்கு ருக்குவைச் சுவீகாரம் கொடுத்துவிட்டால் கோத்திரம் மாறிவிடுமாம். நீ கொதிக்க வைத்தும் லேசில் பிரியாததை இவர்கள் ஓர் உத்தரணிக் கரண்டித் தண்ணீரில் பிரித்துவிடுவார்கள். கன்னிகாதானம் அந்த டோம்பிவிலி மனிதர் செய்வார், நானும் உன் அம்மாவும் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

அண்ணாவைக் கேளுங்கள், அவன் விஷயம் தெரிந்தவன் என்று ருக்குதான் உனக்கு எழுதச் சொன்னாள். சுவீகாரம் வெறும் ஃபார்மாலிட்டி, பெரியப்பாவை அனுசரித்துப் போங்கள் என்று மூன்று வரி பதில் போட்டாய். பெரியம்மாவின் அண்ணா பெண் ஷ்யாமளாவை உனக்குப் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? குரங்கைச் சொந்தமென்று சொல்ல ஓர் உலகம் கைதட்டுகிறது, தங்கையைச் சொந்தமென்று சொன்னால் ஒரு வரன் போய்விடும், இவ்வளவுதான் உன் விஞ்ஞானம். உன் பதிலைப் படித்துவிட்டு ருக்கு, "கல்யாணமே நடக்கலேன்னாலும் சரிப்பா, இன்னொருத்தர் பொண்ணா நான் மணையிலே உக்காரமாட்டேன்" என்றாள்.

ஒரே கோத்திரக் கல்யாணத்தைச் சட்டம் எப்போதோ அனுமதித்துவிட்டது. மாசியில் செம்பூரில் கல்யாணம். சுவீகாரம் கிடையாது. பஞ்சு வரமாட்டார், ரசம் பிழைத்தது. நானே தாரை வார்க்கிறேன். ஹோமத்தில் அவள் கையில் பொரி இட உடன்பிறந்தவன் நிற்கவேண்டும். நீ வராவிட்டால் சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை என்று யாரையும் அங்கே நிறுத்தமாட்டேன். பொரித்தட்டு அப்படியே இருக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.

உனக்கு எங்கள் ஆசிகள். குளிர் நாளில் மார்புச்சளி வரும், கம்பளியை மறக்காதே. அம்மா எழுதச் சொன்னாள்.

கீழே அப்பா என்று கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அதுவும் ஃபார்மாலிட்டிதானே. இப்படியே தபாலில் சேர்க்கிறேன். உறவு கண்டுபிடிப்பது உன் தொழில், யார் எழுதியது என்று நீயே கண்டுபிடி.