பதினொரு நாள் பரணில் இருந்த மெஷின்

ஜனக்புரி, புது டில்லி
18.6.2006

அன்பு மகள் அகல்யாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இங்கே எங்களுக்குப் பொழுது விடிகிறது. நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதப் பேனா வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். ஆங்கிலத்தில் எழுதினால் ஆபீஸ் கடிதமாகிவிடும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரியும், பரவாயில்லை, மெதுவாகவே படி. இங்கே வெயில் நாற்பத்து நான்கு, கூலரில் தண்ணீர் ஊற்றியே என் இடுப்பு போயிற்று. மெட்ரோ வந்த பிறகு ஜனக்புரியில் வாடகை ஏறிவிட்டது என்று மேல்வீட்டு விஸ்வநாதன் குதிக்கிறார், சொந்த வீட்டுக்காரருக்கு வேறென்ன வேலை.

நீ ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவின் மூச்சு மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்கிறாய், நானும் நன்றாக ஓடுகிறது என்கிறேன். அது பொய் அகல்யா. மெஷின் இந்த மாதம் ஐந்தாம் தேதியே திரும்பிப் போய்விட்டது. போன வாரம் உன் அம்மா கையில் எண்ணெய் தெறித்தது என்று சொன்னேனே, அதுவும் அப்படியில்லை. இட்லிப் பானை முன்னால் நின்றபடியே கண் அசந்துவிட்டாள், மூடியைத் திறந்த கை ஆவியிலேயே நின்றுவிட்டது. முழங்கை வரை கொப்புளம். இப்போது ஆறிவருகிறது, பயப்படாதே. ஆனால் இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்பதை நீ என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிப்ரவரியில் டாக்டர் அம்மாவைப் பரிசோதனை செய்து, இது வெறும் குறட்டை இல்லை, தூக்கத்தில் மூச்சே நின்று நின்று வருகிறது என்று சொன்னபோது நான் கொஞ்சம் வெட்கப்பட்டது நிஜம். முப்பத்து மூன்று வருஷமாக ஜி.டி. எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது என்று அவள் குறட்டையை நாலு பேர் முன்னால் கேலி செய்தவன் இல்லையா நான். எங்கள் கம்பெனியின் ஓய்வுபெற்றவர்களுக்கான இன்சூரன்ஸில் மெஷினை முதலில் மூன்று மாதம் சோதனைக்குத் தருவார்கள். உள்ளே ஒரு கார்டு இருக்கிறது, தினம் எத்தனை மணி நேரம் போட்டுக்கொண்டார்கள் என்று அது எழுதி வைக்கும். மூன்று மாதத்தில் ஒவ்வொரு முப்பது நாளிலும் இருபத்தொரு நாளாவது நாலு மணி நேரம் போட்டிருந்தால் மெஷின் நமக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு. அம்மா முதல் மாதம் ஒரு நாள் விடவில்லை. காலையில் எழுந்து தலைவலி இல்லைங்க என்று சொன்னாள், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மத்தியானம் தூங்கி வழியாமல் பேப்பர் படித்தாள்.

மார்ச் கடைசியில் உன் சித்தப்பா செல்வராஜும் காந்திமதி சித்தியும் விருத்தாசலத்திலிருந்து வந்தார்கள் அல்லவா, ஆக்ரா, ஹரித்வார் எல்லாம் பார்த்துக்கொண்டு பதினொரு நாள் இருந்தார்கள். டில்லியில் தமிழன் வீடு என்றால் சத்திரம்தானே. இரண்டு அறை வீட்டில் பெண்கள் எல்லாம் ஹாலில் படுக்க வேண்டும். மூக்கில் குழாயோடு இவள் படுத்திருப்பதைப் பார்த்தால் ஊருக்குப் போய் என்ன சொல்வார்களோ என்று நான்தான் மெஷினைத் தூக்கிப் பரணில் வைத்தேன். அம்மா ஒரே ஒரு தடவை, கணக்குல குறையாதுங்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியாத ரூலா என்றேன். வருகைப் பதிவும் லீவுமாக இருபத்தொன்பது வருஷம் பார்த்தவனுக்குப் புத்தி அப்படித்தான் போகும். லேட்டாக வந்தவன் சாயங்காலம் உட்கார்ந்து ஈடுகட்டினால் கணக்கு சரியாகிவிடும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அவர்கள் ரயிலேறியதும் அம்மாவை மத்தியானத்திலும் மெஷினைப் போட்டுக்கொண்டு படுக்க வைத்தேன். கரண்ட் இருந்தால் போதும், மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தேன், அந்தப் புழுக்கத்தில் அவளும் படுத்தாள். மொத்த மணி நேரம் கேட்டதற்கு மேலேயே வந்தது. ஆனால் அவர்கள் எண்ணியது நாட்களை, மணி நேரத்தை இல்லை. அந்த முப்பது நாளில் பத்தொன்பதுதான் தேறியது.

அப்பீல் படிவத்தில், பயன்படுத்தாத காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன். அதே இரண்டு வார்த்தையை எழுதி வந்த எத்தனை பேருடைய லீவு விண்ணப்பத்தை, காரணம் போதாது என்று நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், அங்கிள்ஜி, ரூல் தோ ரூல் ஹை, விதி என்றால் விதிதான், ஆறு மாதம் கழித்துப் புதுப் பரிசோதனையோடு வாருங்கள் என்று. ஆறு மாதம் இவள் எப்படி மூச்சு விடுவாள் என்று அவளைக் கேட்டு என்ன பயன்.

கையில் மருந்து போடும்போதுதான் அம்மா சொன்னாள். அந்தப் பதினொரு நாளும் அவள் சரியாகத் தூங்கவே இல்லையாம். குறட்டை வந்தால் எனக்குத் தலைகுனிவு என்று சமையல்கட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். அக்கா என்னா சுறுசுறுப்பு, நாங்க எந்திரிக்கறதுக்குள்ள டிபன் ரெடியாயிடுது என்று காந்திமதி மெச்சியபோது நான் பெருமையோடு சிரித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அகல்யா. திட்டியிருந்தால் தேவலை.

உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். ஆறு மாதம் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. நீ இருக்கும் வெளிநாட்டிலேயே ஒரு மெஷின் வாங்கி அனுப்பு. டாக்டர் சீட்டின் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது, காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கிறார். நம்மூர் 230 வோல்ட்டில் ஓடுமா என்று இரண்டு தடவை கேட்டு வாங்கு. அம்மாவிடம் போனில் அழாதே, கோபப்பட வேண்டுமென்றால் என்னிடம் படு. வேளைக்குச் சாப்பிடு, கார் ஓட்டும்போது அவசரப்படாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள்.

மறக்காமல் ஒன்று செய். பெட்டியின் மேல் என் பெயரைப் போடாதே, திருமதி சாந்தகுமாரி என்று போடு. விண்ணப்பம், அப்பீல் இரண்டிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கூரியர்காரன் மணியடித்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். அவளே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
பூவராகவன்