திருப்பித் தர வேண்டாத டப்பா

நன்னிலம்,
ஏப்ரல் 28

அன்பு மகள் சபிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. மெல்பர்னில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். முதலில் ஒரு விஷயத்தைத் திருத்திவிடுகிறேன். உன் அத்தாவின் தங்கை நூர்ஜஹான் உனக்குப் போன் செய்து, அண்ணி இந்த வயசுல தெருத்தெருவா தம்ரூட் வித்துக்கிட்டு அலையிறாங்க, புள்ளைங்க பாக்கலைன்னு ஊரே பேசுது என்று சொன்னாளாமே. விற்றது உண்மை, அலைந்தது பொய். விற்பதற்காக நான் நம் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. நிலத்துக் குத்தகை வருகிறது, நீ அனுப்புவதும் வருகிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊரும் பேசவில்லை, பேசியது அவள் ஒருத்திதான். ஏன் பேசினாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இது உன்னால் ஆரம்பித்தது. மருந்துக்கடை வேலை போக சனிக்கிழமைகளில் நம் ரவைத் தம்ரூட் செய்து விற்கலாம் என்று தொடங்கினாய். கூட வேலை பார்ப்பவர்களுக்கு ருசி பார்க்கக் கொடுத்தும் ஒருவரும் வாங்கவில்லை, வாங்கிக்குங்கன்னு எப்படிம்மா வாய்விட்டுக் கேக்குறது, பிச்சை கேக்குற மாதிரி இருக்கு, ஹஜ்ஜுப் பெருநாளோட விட்டுடப்போறேன் என்று போன மாதம் போனில் அழுதாய். நான் சமாதானம் சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம் இருந்திருக்கும். எனக்கு விடை தெரியவில்லை, அதனால்தான் சொல்லவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே கேட்பது அநாகரிகம் என்றுதான் கும்பகோணம் கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களை வளர்த்தார்கள். உன் அத்தா இத்தனை வருடம் ரைஸ்மில் நடத்தினார், யாரிடமும் அரிசி வாங்குங்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு எப்படித்தான் விற்றது? அவர் இருக்கும்போது கேட்கத் தோன்றவில்லை, இப்போது கேட்க ஆசையாக இருக்கிறது. சரி, தெரியாத விஷயத்தில் உனக்குப் புத்தி சொல்வதைவிட நானே செய்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ரவையும் நெய்யும் முட்டையும் போட்டு, மேலே நன்றாகச் சிவக்கவிட்டு, ஸ்கேல் வைத்து வெட்டினேன், சிரிக்காதே. நம் வீட்டு நல்ல எவர்சில்வர் டப்பாக்களில், அத்தா பேரும் என் பேரும் வெட்டியிருக்குமே அவற்றில், அடுக்கி, வேலைக்கு வரும் வேம்புவிடம் கொடுத்து அக்கம்பக்கத்துக்கு அனுப்பினேன். என்ன சொல்லிக் குடுக்கணும் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லாதே, தின்று பார்த்தால் அவர்களே கேட்பார்கள் என்றேன். மறுநாளிலிருந்து டப்பாக்கள் திரும்பி வந்தன, ஒன்றுகூட வெறுமையாக வரவில்லை. ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் முறுக்கு, எதிர்வீட்டு ஜன்னத் பீவியக்கா டப்பா நிறைய நாட்டுக்கோழி முட்டை. வாசலில் நின்றபடியே, மூஸா பாய் பேருல ஃபாத்திஹா ஓதிக் குடுத்ததா, சொல்லியிருந்தா நானும் வந்து ஓதியிருப்பேனே, துஆ செஞ்சுட்டுத்தான் வாயில வெச்சேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உன் அத்தாவுக்காகத் துஆ செய்தவரிடம் அரைக்கிலோ என்ன விலை என்று எப்படிச் சொல்வேன்? அந்த வாரம் முழுக்க நானும் வேம்புவும் முறுக்குத் தின்றோம், ஒரு டப்பாகூட விலைக்குப் போகவில்லை.

பிறகு கும்பகோணம் போயிருந்தபோது இனிப்புக்கடைக்காரர்கள் வாங்கும் அட்டை டப்பாக்களை வாங்கிவந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் கயல்விழியிடம் ஒன்றை நீட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னம்மா, பேரு வெட்டலை, அப்ப டப்பாவைத் திருப்பித் தர வேணாமா, யாவாரமா என்றாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆமாம், அரைக்கிலோ இருநூற்றைம்பது, வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் செய்கிறேன், வேண்டுமென்றால் சொல், இது மட்டும் ருசிக்கு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கும். மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா, அன்னிக்கு உங்க டப்பாவுல என்ன போட்டுத் தர்றதுன்னு தெரியாம வீட்ல ஒண்ணும் இல்லாத நாள்ல எங்க வீட்டுக்காரரைக் கடைக்கு வெரட்டினேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்கக் கூசி நான் வாயை மூடிக்கொண்டதில், அத்தனை வீட்டுக்கும் ஒரு பாரத்தை ஏற்றியிருக்கிறேன். விலை தெரிந்தால் வேண்டாம் என்று சொல்ல வழியிருக்கும், பேர் வெட்டிய டப்பாவுக்கு அந்த வழியே இல்லை. கயல்விழி தன் பள்ளியில் ஓய்வு பெறும் ஆசிரியர் விழாவுக்கு நான்கு டப்பா கேட்டாள்.

ஆனால் எனக்கு அதைவிட வேறொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது, வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும் என்று. ஜன்னத் பீவியக்காவிடம் இது ஃபாத்திஹா இல்லை, வியாபாரம் என்று உள்ளதைச் சொன்னேன். வேணாம் கமரு, எனக்கு சுகரு, மருமகளுக்கு இனிப்பே ஆகாது என்று பட்டென்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை நான். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, கறிவேப்பிலை ரெண்டு கொத்து ஒடிச்சுக்குறேன் என்றார்கள். அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வயதுக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறேன் பார்.

நூர்ஜஹான் தன் சம்பந்தி வீட்டுக்கு இரண்டு டப்பா எடுத்துக்கொள்ள வந்தாள். அவளிடமும் விலையைச் சொன்னேன். நமக்குள்ளயா அண்ணி என்றாள். வீட்டுக்கென்று செய்தால் உனக்கு எப்போதும் உண்டு, இது கணக்கு வேறு என்றேன். பணத்தைக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய் உனக்குப் போன் செய்திருக்கிறாள். இந்த வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு டப்பா கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறாள், அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

மெல்பர்ன் வழக்கம் எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன். நீ எதில் வைத்துக் கொடுத்தாய்? டப்பா திரும்பி வந்ததா, கழுவி வந்ததா, உள்ளே ஏதாவது இருந்ததா? விலையைச் சொன்னாயா, அல்லது என்னைப் போல ருசி பேசட்டும் என்று விட்டுவிட்டாயா? சொல்லவில்லை என்றால் உன் தம்ரூட்டை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவேயில்லை, அதை அன்பளிப்பு என்று நினைத்து நன்றி சொன்னார்கள். மூடியில் விலையையும் எந்த நாள் கிடைக்கும் என்பதையும் எழுதி ஒரு முறை வைத்துப் பார், இரண்டாம் முறை நீயாகப் பேச்சை எடுக்காதே. அதன் பிறகும் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். கூச்சப்பட்டு மட்டும் விடாதே. ஓவனில் செய்யும்போது மேலே காகிதம் போடு, நீ அனுப்பிய படத்தில் ஓரம் கருகியிருந்தது, அதை யாருக்கும் கொடுக்காதே.

குத்தகை பார்க்கும் மருதையன் குறுவைக்குப் பம்புசெட் தண்ணீரில் நாற்று விடலாமா, ஆற்றில் தண்ணீர் வரும்வரை பொறுக்கலாமா என்று தினமும் என்னிடம் கேட்கிறார், எனக்கென்ன தெரியும். மாமரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தினம் ஒரு பக்கம் எழுதவை. அல்லாஹ் உன் கையில் பரக்கத்தையும் உன் மனதில் தைரியத்தையும் தருவானாக. பெருநாளோடு நிறுத்துகிறாயா, தொடர்கிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் சொல்லாதே, குரலைப் பதிவு செய்து அனுப்பாதே, பெருநாளுக்கு முன் கையில் கிடைக்கும்படி காகிதத்தில் எழுதிப் போடு.

உன் அம்மா,
மூ. கமருன்னிஸா