தலைகீழாக நின்ற ஆட்டம்

அன்பு நண்பருக்கு,

இன்று காலை மீன் எடுக்கக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டுக்குள் கையை விட்டேன். விளைமீனுக்கும் இறாலுக்கும் இடையில் உங்கள் ஐஸ் ஹொக்கி ரப்பர் வட்டு தட்டுப்பட்டது. விரலில் ஒட்டிக்கொள்ளும் குளிர்.

"மாமா, உந்தக் கறுப்புச் சாமானை எப்ப எடுக்கப் போறியள்? மீன் வைக்க இடமில்லை" என்றாள் மருமகள்.

உறையாத வட்டு பனித்தளத்தில் துள்ளும், ஆட்டத்துக்கு உதவாது என்று நீங்கள் சொன்னதை அவளுக்கு மறுபடியும் விளக்கினேன்.

"இஞ்சை ஆர் விளையாடப் போறது?"

வழக்கமாக இந்தக் கேள்வியோடு குளிர்ப்பெட்டியை மூடிவிடுவேன். இன்று சிரித்தேன்.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதி அடுக்குமாடியில் நம் இருவர் கதவுகளும் அடுத்தடுத்து இருந்தன. மின்தூக்கி பழுதான நாட்களில் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் உங்கள் கதையைத் துண்டு துண்டாகக் கேட்டேன். உங்கள் இளமையில் ஐஸ் ஹொக்கி அணிகள் ஒரேயொரு கோல் காப்பாளரோடுதான் பயணம் போகுமாம். அவர் காயப்பட்டால், உள்ளூர் அணி வைத்திருக்கும் உதிரிக் காப்பாளர் பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கிப்போய் ஆட வேண்டும். காயப்பட்டவர் எந்த அணியென்றாலும் அதுதான் விதி. ரொறன்ரோவின் உதிரி ஆள் நீங்கள். எந்த நேரமும் இறங்கத் தயாராக, அரை வயிற்றுச் சாப்பாட்டோடு, மேலங்கியைக் கழற்றாமல், ஆட்டத்துக்கு ஆட்டம் காத்திருந்தீர்கள்.

அழைப்பு ஒரேயொரு முறை வந்தது. அடிபட்டு விழுந்தவர் வெளியூர்க் காப்பாளர். உங்கள் சொந்த அணிக்கு எதிராக, உங்கள் ஊரார் முன்னால் இறங்கினீர்கள். வென்றீர்கள். பிறகு சின்ன ஊர்களின் சின்ன அணிகள். அதன் பிறகு ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலை வேலை.

"எங்கள் வீட்டில்கூட அதற்கு எதிரிக்கு ஆடிய ஆட்டம் என்றுதான் பெயர். அதை என் வெற்றியென்று யாரும் ஒத்துக்கொண்டதேயில்லை" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு என்னை வருத்தியது.

அதனால்தான் எங்கள் தமிழ் முதியோர் ஒன்றுகூடலில் உங்களைப் பேச அழைக்கும்படி செயலாளரிடம் சொன்னேன். பேரப்பிள்ளைகள் ரி.வி. முன்னால் கத்துகிற விளையாட்டு என்னவென்று எங்கள் ஆட்களுக்கும் அறிய ஆசை. ஆனால் மொழிபெயர்க்க இருந்த ஆசிரியைக்கு அன்று காய்ச்சல். செயலாளர் என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் நில அளவைப் படங்களோடு இருந்தவன் நான்; நாலு பேர் முன்னால் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேச்சை ஒரு தாளிலாவது எழுதித் தாருங்கள் என்று உங்களைக் கெஞ்சினேன்.

"இப்போது நீங்கள்தான் உதிரி ஆள். இறங்குங்கள்" என்றீர்கள்.

இறங்கினேன். வலை, மட்டை, முகமூடி இல்லாத முகம் எல்லாவற்றையும் ஒருவாறு தமிழில் கொண்டுவந்தேன். அப்போது பின்வரிசையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் எழுந்தார்.

"அப்ப இவர் சொந்த ஆக்களுக்கே குழி பறிச்சவரோ?"

மண்டபம் சிரித்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கேள்வியை மழுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை, அப்படியே சொன்னேன்.

உங்கள் முகம் சிவந்தது. ஆனாலும் நிதானமாகச் சொன்னீர்கள்: "எந்த வலைக்கு முன்னால் நிற்கிறேனோ, அதுதான் என் வலை. அடிக்கிறவர்கள் என் சிநேகிதர்கள். ஒவ்வொருவனும் எந்தப் பக்கம் அடிப்பான் என்று எனக்குத் தெரியும். நான் இடம் கொடுக்கவில்லை." அடுத்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினேன்: "அன்று நான் தலைகீழாக நின்றேன்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஐயோ, காலிலை கத்திச் சப்பாத்தோடையே?" என்றார் முன்வரிசை அக்கா ஒருவர்.

கோல் காப்பாளர் ஒருவர் அசாத்தியமாக ஆடினால் இந்த ஊர் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வது வழக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் வெற்றியை நானே வேடிக்கையாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குள் தபாலதிபர் கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ! தலைகீழாய் நிண்டாலும் நடவாது எண்டுதானே நாங்கள் சொல்லுறனாங்கள்? இந்த மனுசன் நிண்டு நடத்திப் போட்டார்!"

முதலில் கைதட்டியவரும் அவர்தான். பிறகு கதிரைகள் பின்னால் தள்ளப்படும் ஓசை. கைத்தடிக்காரர்கூட எழுந்து நின்றார்.

"என்ன சொன்னீர்கள் இவர்களுக்கு?" என்று என் காதருகில் கேட்டீர்கள். சொன்னேன். எங்கள் மொழியில் அது நடக்காத காரியத்துக்கான பேச்சு என்றும் சொன்னேன்.

"அப்படியானால் உங்கள் ஆட்களுக்குத்தான் அது சரியாக விளங்கியிருக்கிறது."

அந்த ஆட்டத்தின் வட்டை எனக்குத் தந்தது அடுத்த நாள். போன மாரிக்குளிரில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள். ஆனால் எங்கள் ஒன்றுகூடலில் யாராவது கனடாப் பிரசை உரிமைப் பரீட்சையில் தேறினால், "ஆள் தலைகீழாய் நிண்டிட்டார்" என்று இன்றும் சொல்கிறார்கள். அது இப்போது பாராட்டு.

நேற்றுச் செயலாளர் தொலைபேசியில் வந்தார். "அண்ணை, நாளைக்குக் கண் டொக்டர் பேச வாறார். மொழிபெயர்க்க ஆள் இல்லை. உங்களுக்கு ஏலுமோ?"

பயத்துக்கு இடம் கொடுக்குமுன் "ஓம்" என்றுவிட்டேன். வட்டைத் திரும்பவும் மீனுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. காலைச் சாப்பாடு அரை வயிறு. மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அழைக்க வரும் காருக்காகக் கதவருகில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கீழே ஹோர்ன் கேட்கிறது. இறங்குகிறேன்.