உன் பைக்கில் இருந்த உயரமான சீட்

பெரெய்ரா
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் டாய்ராவுக்கு,

இங்கே நானும் உன் தம்பியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கடற்கரை ஊரில் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லாமல் இருக்க மாதா துணையிருக்கட்டும். இதோடு மூன்று தாள் கிழித்துவிட்டேன், எங்கே ஆரம்பிப்பது என்று பிடிபடவில்லை, அதனால் பைக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விபத்துக்குப் பிறகு கொட்டகையில் போட்ட உன் சிவப்பு ரேஸ் பைக்கைச் சரிபண்ணி விற்றுவிடும்படி உன் சித்தியிடம் போனில் சொல்லியிருந்தாய் அல்லவா, மெக்கானிக் எரிபெர்த்தோவை வரவழைத்தேன். பிளாஸ்டிக் உறையை உருவியதுமே அவன் தலையில் அடித்துக்கொண்டான், ஏங்கக்கா, வண்டியும் மூச்சு விட வேணாமா, ரெண்டு வருஷமா உள்ளேயே வேர்த்து செயின் பூரா துருப்பிடிச்சுக் கிடக்கு என்றான். டேங்க்கில் விட்டுவைத்த பெட்ரோல் பசை மாதிரி ஆகிவிட்டது. நீ அங்கே ஒரு பழைய ரேஸ் பைக் வாங்கியிருப்பதைச் சொன்னேன், கடல் காத்துன்னா வாரம் ஒருமுறை நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு செயினுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்க, துணி உறைதான் போடணும், ஒரு மாசம் ஓட்டலைன்னா பேட்டரி வயரைக் கழட்டிட்டு ஸ்டாண்டில தூக்கி நிறுத்தணும், சத்தம் வரணும்னு சைலன்சரை மட்டும் மாத்திட்டு மத்ததைச் சரிபண்ணாம விட்டா என்ஜின் சூடாகிச் சாகும் என்றான். எனக்குப் பாதி புரியவில்லை, அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் தலை சுற்ற ஆரம்பித்தது. வலது பக்கம் உடைந்த பிளாஸ்டிக்கை எல்லாம் கழற்றிவிட்டு அவன் பிரேக் பிடியைத் தொட்டுப் பார்த்தான், பார்த்துவிட்டு, அக்கா, இதைக் கடைசியா ஓட்டினது யாரு என்று கேட்டான். என் மகள்தான், உனக்குத் தெரியாதா என்றேன். உங்க பொண்ணு கை எட்டாதே, பிடியைக் கடைசி வரைக்கும் தள்ளி வச்சிருக்கு, பின்னாடி ஷாக் அப்சார்பரையும் நல்ல கனமான ஆளுக்கு இறுக்கி வச்சிருக்கு என்றான். நீ ஏதோ மாற்றி வைத்திருப்பாய் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே கண் சீட்டுக்குப் போனது. இருபத்தாறு வருஷமாக இந்த ஊர் வண்டிகளுக்கெல்லாம் சீட் தைக்கிறேன், என் கையை எனக்குத் தெரியாதா, உன் கால் தரைக்கு எட்டவில்லை என்று நான் பஞ்சைச் செதுக்கித் தைத்துக் கொடுத்த சீட் அதில் இல்லை. கம்பெனி போட்ட உயரமான சீட் இருந்தது. நான் தைத்தது என் பட்டறை ஆணியில் தொங்குகிறது, இரண்டு வருஷமாக அதன் கீழேதான் உட்கார்ந்து வேலை செய்கிறேன், ஒரு நாளும் யோசிக்கவில்லை.

என்ன செய்தேன் தெரியுமா, சிரிக்காதே, வண்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். நீயும் நானும் ஒரே உயரம்தானே. இரண்டு காலும் அந்தரத்தில் ஆடுகிறது, விழுந்துடாதீங்கக்கா, அப்புறம் உங்களையும் சேர்த்து ரிப்பேர் பண்ணணும் என்று எரிபெர்த்தோ பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், நான் அழுகிறேன். அதற்கப்புறம் நாலு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஒருவேளை நீ விற்க நினைத்து சீட்டை மாற்றினாயோ, ஒருவேளை நானே கழற்றிவிட்டு மறந்தேனோ, யாரோ நண்பன் ஓட்டினானோ, இப்படிச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். துணியைத் தலைகீழாக வைத்துத் தைத்து இரண்டு சீட்டைப் பாழாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை போலீஸ் பள்ளியிலிருந்து எஸ்தீவென் லீவில் வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை, வண்டியில உட்காருடா, சீட் சரியா இருக்கான்னு பார்க்கணும் என்றேன். உட்கார்ந்தான். காலும் கையும் அளவெடுத்து வைத்த மாதிரி போய்ப் பொருந்தின. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இறங்கவேயில்லை, அப்படியே டேங்க்கின் மேல் கவிழ்ந்து, நான்தாம்மா ஓட்டினேன், அக்கா பின்னாடி உட்கார்ந்திருந்தா என்றான். அவனுக்கு அப்போது லைசென்ஸ் இல்லை, அடுத்த மாதம் போலீஸ் பள்ளியில் சேர வேண்டியிருந்தது. வாயைத் திறந்தா உன் வாழ்க்கை போச்சுடா, நான் பார்த்துக்கறேன்னு நீ அவனிடம் சொல்லி ஓரமாக உட்கார வைத்தாயாம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. அவன்மேல் வந்தது, பொய் சொன்ன உன்மேல் வந்தது, கேட்டதும் நம்பிவிட்ட என்மேல் வந்தது. திமிர் பிடித்தவளே, ஒரு மனுஷனை நொண்டியாக்கிவிட்டாயே என்று எல்லார் முன்னாலும் உன்னை அறைந்தேனே, அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே அவனை இழுத்துக்கொண்டு, அந்த விபத்தில் அடிபட்ட அபெலார்தோ அண்ணன் வீட்டுக்குப் போனேன். இப்போதும் அவகாடோ பழம் விற்கிற வண்டிதான் தள்ளுகிறார், முழங்கால் முழுசாக மடங்குவதில்லை. எஸ்தீவென் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அவர், அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு தினம் வந்தா, இப்பவும் மாசாமாசம் மருந்து அனுப்புறா, நானும் மனசுக்குள்ளே தினம் அவளைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன், இப்ப நீ வந்து நான்தான்னு சொல்றே, இனிமே நான் யாரைடா திட்டுறது என்றார். பிறகு, என்கிட்ட சொன்னதை உன் போலீஸ் பள்ளியில போய்ச் சொல்லு, அதுக்கப்புறம் வா, உன்னோட பேசறேன் என்றார்.

புதன்கிழமை எஸ்தீவென் போன் செய்தான், அதிகாரியிடம் சொல்லிவிட்டானாம், எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார்களாம். வைத்துக்கொள்வார்களா வீட்டுக்கு அனுப்புவார்களா தெரியாது. எனக்கு அவன் அங்கேயே இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது, சொன்னது நல்லதுதான் என்றும் இருக்கிறது. நீ காப்பாற்றி வைத்ததை நான் கெடுத்துவிட்டேனா, நீயே சொல்லு. பைக்கை விற்பதா வேண்டாமா என்றும் தெரியவில்லை, எரிபெர்த்தோ கேட்டால் பொறு பொறு என்று மட்டும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொன்னேன், என் மகள் ஓட்டவில்லை என்று. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இருந்தது. இன்னும் ஒவ்வொரு வீடாகச் சொல்வேன்.

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று அம்மாக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை கண்ணு. நீ போகும் வழியெல்லாம் மாதா கூட வரட்டும், உன் கைகால் பத்திரமாக இருக்கட்டும், நல்லது நடக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, இந்த ஞாயிற்றுக்கிழமையும் போன் செய். எப்போதும் போல உன் சித்தியிடம் நீட்டிவிட்டு நான் சமையலறைக்குப் போகமாட்டேன், மணி அடித்ததும் நானே எடுக்கிறேன். எடுத்து ஒன்றும் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே, நான் அங்கேதான் இருப்பேன்.

உன் அம்மா
நொயேமி