ஆணிவேர் அறுத்த காகிதப்பூ

சேசு மரி சூசை துணை

ஷாதிபூர், போர்ட் பிளேயர்
ஆகஸ்ட் 1968

அன்புள்ள ரீத்தா அப்பாவுக்கு, வியாகுலம் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் உங்கள் கையாலேயே எழுதிய கடிதம் நேற்றுக் கப்பலில் வந்தது. அந்தக் கோழிக்கிறுக்கலைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அடிபட்ட காலை எடுத்துவிட்டார்கள் என்று தந்தி வந்த நாளிலிருந்து, உயிராவது தங்குமா என்று தெரியாமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. மாதா காப்பாற்றிவிட்டாள்.

ஆனால் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, ஒற்றைக்கால் மனுஷனுக்காகக் காத்திருக்காதே, பிள்ளையோடு தூத்துக்குடிக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு என்று! எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் எதிரில் இல்லாதது உங்கள் நல்ல காலம். என் அண்ணி கையால் ஒருவேளை சோறு வாங்கித் தின்று பாருங்கள், அப்புறம் பேசலாம். நான் எங்கும் போகிறதாக இல்லை.

இங்கே ஒரு சேதி. கிணற்றடியில் நீங்கள் நட்ட காகிதப்பூ, நீங்கள் லாங் ஐலண்டுக்கு மரம் அறுக்கும் கேம்ப்புக்குப் போன பிறகு கவனிப்பாரில்லாமல் ஜங்கிளாக மண்டிக் கிடந்தது. அங்கே கோழிக்கூடு கட்டவேண்டும், வெட்டி எரித்துவிடு என்று வீட்டுக்கார பாபு சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் அண்ணன் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் அல்லவா, ஜப்பானில் தட்டில் மரம் வளர்ப்பார்களாம், போன்சாய் என்று பெயராம், இதன் அடித்தண்டு நல்ல தடிமன், செய்து பார்ப்போம் என்றார். கிளையெல்லாம் கழித்து முழ உயரத்துக்கு வெட்டினார். தோண்டியெடுத்து ஆணிவேரையும் அறுத்துவிட்டார். நான் போட்ட கூப்பாட்டில் தெருவே கூடிவிட்டது. பக்கவேர் போதும் தங்கச்சி, பிடித்துக்கொள்ளும் என்கிறார் சாவகாசமாக.

பழைய மீன்சட்டியில் ஓட்டை போட்டு நட்டோம். வெறும் கட்டைதான். நகத்தால் சுரண்டிச் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பேன். அண்ணன் திட்டுவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால், செக்கச்செவேல் என்று துளிர்! ரீத்தா குதித்த குதியில் சட்டி தப்பியது பெரிய காரியம்.

உடனே இதை உங்கள் காலோடு முடிச்சுப் போடாதீர்கள். செடி செடிதான். அதற்குக் கட்டைக்கால் கிடையாது, உங்களுக்கு அங்கே செய்து தருவார்களாம். வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

அபர்டீன் பஜாரில் மிக்கேலின் தச்சுப்பட்டறையில் விசாரித்தேன். ரம்பத்துக்கு அரம் போட ஆள் வேண்டுமாம். உட்கார்ந்தே செய்யும் வேலை. உங்கள் கை அவருக்குத் தெரியும்.

செடியின் உச்சியில் எதிரும் புதிருமாக இரண்டு கிளை விட்டிருக்கிறது. ஒன்றை எடுத்தால்தான் மர வடிவம் வருமாம். அண்ணன் கத்தரிக்கோலோடு வந்தார், நான் கிட்டவே விடவில்லை. நட்டவர் வந்து சொல்லட்டும் என்றுவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற மாதிரி ஜன்னலோரம் பலகை அடித்து அதன்மேல் வைத்திருக்கிறேன்.

கடல் அடங்கிய நாளாகப் பார்த்து மாதா உங்களைக் கப்பலேற்றட்டும். துறைமுக ஜெட்டியில் நானும் ரீத்தாவும் நிற்போம். இறங்கும்போது பிடித்துக்கொள்ள வேறு ஆள் தேடாதீர்கள், என் தோள் இருக்கிறது.

உங்கள்
வியாகுலம்