இருவரும் ஒரே ஆளில்லை

நண்பா,

காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. புது செல்போனுக்கு எண்களை மாற்றினேன். 'ஒரே பெயர் இரண்டு முறை இருக்கிறது, ஒன்றாக்கவா?' என்று கேட்கிறது. உன் பெயரும் உன் பெரியப்பா மகன் பெயரும்தான். தாத்தா பெயரையே இருவருக்கும் வைத்தால் போன் என்ன செய்யும்? உட்கார்ந்தேன், எழுந்தேன், காபியை ஆறவிட்டேன்.

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டை கம்ப்யூட்டர் சென்டரில் நாம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒரு நூல் மில்லுக்கு வந்த அப்ளிகேஷன்களை ஏற்றிக் கொடுத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று பலர் இரண்டு போட்டிருந்தார்கள். அதைக் களைய நீதான் புரோகிராம் எழுதினாய். அரே என்கிற பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரையும் முன்னால் வந்தவர்களோடு ஒப்பிட வேண்டும்; பெயர், இன்ஷியல், பிறந்த தேதி, ஊர் நான்கும் ஒன்றானால் பின்னால் வந்தவரைத் தூக்கிவிட வேண்டும். அந்த மில் வேலைக்கு நீயும் போட்டிருந்தாய், பெரியப்பா மகனான உன் அண்ணனும் போட்டிருந்தார். கம்ப்யூட்டரைவிட அந்த மில்லைத்தான் நீ நம்பியிருந்தாய்.

திருச்சுழிப் பக்கம் உங்கள் ஊருக்கு ஒரே ஒரு இன்டர்வியூ கார்டு வந்தது. அப்பாக்கள் இருவருக்கும் 'செ'தான் முதலெழுத்து. பள்ளியில் உங்களை ஒன்றாகச் சேர்க்க வந்த அன்று, வாத்தியார் வாய்க்கு வந்த தேதியை இருவருக்கும் பிறந்த தேதியாகப் போட்டுவிட்டார்.

"ஏலே, அழிஞ்சது நானா, அவனா?" என்று கேட்டாய்.

"நீ எழுதுன புரோகிராமு. என்னையக் கேட்டா?" என்று எரிந்து விழுந்தேன். நான்கும் ஒன்றாயிருந்தால் மிஞ்சியது யார் என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரு கார்டோடு இருவரும் போனீர்கள். மில் வாசலில் காவல்காரர், "ஒரு கார்டுக்கு ஒரு ஆளுதான். யாரு வாரீக?" என்றாராம். நீ அண்ணனைப் பார்த்தாய். அவர் உன்னைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்து, சாப்பிடக்கூடச் செய்யாமல், புரோகிராமில் அம்மா பெயரையும் சேர்த்தாய். "அப்பன் பேரு எழுத்துல ஒண்ணாப் போயிருதுலே. பெத்தவ பேரையும் பாத்தாத்தான் ஆளு தெரியும்" என்றாய். அதன்பின் பல வருஷம் அண்ணனோடு நீ பேசவில்லை. உன் சாவு வீட்டில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இப்போது போனில் 'வேண்டாம்' என்று அழுத்தினேன். அவர் பெயரோடு அவர் அம்மா பெயரையும், உன் பெயரோடு உன் அம்மா பெயரையும் சேர்த்து எழுதினேன்.

அன்று நீ கேட்டதற்கு இன்று பதில் தெரியும். அழிஞ்சது நீதாம்லே. ஆனால் உன் எண்ணை நான் எடுக்கப் போவதில்லை.